குருநாகலில் பிடித்த வண்டி நோர்வூட்டிலும் பிடிக்குமா?

கேள்வி: பாஸ் அண்ணா, நோர்வூட்டுக்கு உள்ளே ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். நான் ஹட்டனில் படிப்பிக்கிறேன். கணவருக்குத் தோட்டத்து ஒபிஸில் வேலை. இரண்டு பேருமே ஓட்டுவோம். மகனுக்கு 11 வயது, மகளுக்கு 7. மகளுக்கு வளைவு ரோட் என்றாலே வாந்தி. அம்மாவுக்கு முழங்கால் வலி, மாதம் ஒரு தடவை நுவரெலியாவுக்கு கிளினிக் கூட்டிப்போக வேண்டும். இருக்கிற சின்னக் காரை விற்று, மிச்சத்துக்கு லீசிங் போட்டு, ஒரு சின்ன எஸ்யூவி எடுக்கலாம் என்று குருநாகல் பக்கம் ஒரு கார் சேலில் மூன்று வண்டிகளை ஓட்டிப் பார்த்தோம். 2015 ஹொண்டா வெசல் ஹைபிரிட், 2017 டொயோட்டா சி-எச்ஆர் ஹைபிரிட், 2023 டொயோட்டா ரைஸ். மூன்றுமே நன்றாகத்தான் இருந்தன. ரைஸ் மட்டும் கொஞ்சம் சத்தம். எதை எடுக்கலாம்?

பதில்: டீச்சர், மூன்றும் நன்றாக இருந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. குருநாகல் பக்கத்து நேர் ரோட்டில், பத்து நிமிடம், ஏசியும் போட்டு, விற்கிறவர் பக்கத்தில் இருந்து கதைத்துக்கொண்டே வந்தால், என் கராஜ் மூலையில் நிற்கிற பழைய வண்டிகூட நன்றாகத்தான் இருக்கும்.

நீங்கள் ஒரே நடையில் இரண்டு வேலையை முடிக்கப் பார்த்திருக்கிறீர்கள். எந்த மாடல் நம் வீட்டுக்கு ஒத்துவரும் என்று பார்ப்பது ஒரு வேலை. அந்த மாடலில் இந்த ஒரு வண்டி நல்லதா, அடிபட்டதா என்று பார்ப்பது வேறு வேலை. இரண்டாவதைக் கார் சேலில்தான் பார்க்க முடியும். முதலாவதை அங்கே பார்க்கவே முடியாது, அதை உங்கள் ரோட்டில்தான் பார்க்க வேண்டும்.

சேல்காரர் வண்டியை நோர்வூட் வரைக்கும் கொடுக்கமாட்டார், அது நியாயம்தான். ஆனால் அதே மாடலை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுக்கலாமே. கண்டியிலும் கொழும்பிலும் வெசல், சி-எச்ஆர், ரைஸ் மூன்றையும் வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். வண்டிக்குக் கொடுக்கப்போகிற காசோடு பார்த்தால் ஒரு நாள் வாடகை ஒரு தேநீர்க் காசு. இல்லையென்றால் தெரிந்த டீச்சர், தோட்டத்து கிளார்க், டொக்டர் யாரிடமாவது அந்த மாடல் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களையும் கூட்டிக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வாருங்கள். அவர்கள் ஓட்டட்டும், நீங்கள் பின்னால் உட்காருங்கள்.

இதைச் சொல்கிற எனக்கே ஒரு தடவை பட்டுத்தான் தெரிந்தது. கொழும்பில் ஒரு கார் பார்த்தேன். எஞ்சின், கியர்பெட்டி, அடிப்பாகம் எல்லாம் தலைகீழாகப் படுத்துப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. சந்தோஷமாக ஹட்டனுக்கு ஏற்றிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் திருப்புகிறேன், முன் பம்பர் வடிகான் மேட்டில் ‘கர்ர்ர்’ என்று உரசியது. மற்றவர்களின் வண்டியெல்லாம் பார்த்துக் கொடுக்கிற பாஸ், தன் வீட்டு வாசலை அளக்கவில்லை! அந்தக் காரை விற்கும் வரைக்கும் வாசலில் இரண்டு பலகை போட்டுத்தான் ஏற்றினோம். மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

அதனால் முதலில் ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு உங்கள் தோட்டப் பாதைக்குப் போங்கள். சக்கரம் போகிற இரண்டு தடத்துக்கும் நடுவே புல் முளைத்த மேடு இருக்கும். மழை அறுத்த இடங்களில் அது எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பாருங்கள். ரைஸின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடையே 185 மில்லிமீற்றர். சி-எச்ஆர் ஹைபிரிட்டுக்கு 140 தான். வெசல் ரைஸுக்குக் கிட்ட வரும். இதெல்லாம் வெறும் வண்டிக்கான கணக்கு. ஐந்து பேரும் ஏறி, அரிசி மூட்டையும் பின்னால் வைத்தால் இன்னும் இறங்கும். சி-எச்ஆர் பார்வைக்கு எஸ்யூவி, உயரத்தில் கார். அழகான வண்டி, அதில் எனக்கு மறுப்பில்லை. ஹட்டன் டவுனுக்குள் குடியிருந்தால் எடுங்கள் என்றே சொல்லியிருப்பேன்.

சி-எச்ஆரைப் பற்றி இன்னொன்று. பின் கதவின் கண்ணாடி சின்னது, கதவின் கோடு பின்னால் போகப் போக மேலே ஏறும். உங்கள் மகள் உட்கார்ந்தால் வெளியே வானம்தான் தெரியும். வாந்தி வருகிற பிள்ளைக்கு ரோட் தெரிய வேண்டும். உடம்பு ஒரு பக்கம் சாய்கிறது, கண்ணுக்கு முன்னால் எதுவும் அசையவில்லை, அந்தக் குழப்பத்தில்தான் வயிறு பிரட்டுகிறது. போதாததற்குப் பின் கதவுக் கைப்பிடியும் மேலே தூணோடு ஒளிந்திருக்கிறது. ஏழு வயதுக்கு எட்டுமா என்று பாருங்கள். வெசலிலும் அந்தக் கைப்பிடி அப்படித்தான் ஒளிந்திருக்கும். ரைஸில் மட்டும் சாதாரணக் கைப்பிடி.

அம்மாவுக்கு ஏறி இறங்குவதுதான் பரீட்சை. சீட் அவரது இடுப்பு உயரத்துக்கு வந்தால் திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே எடுக்கலாம். அதற்குக் கீழே இருந்தால் விழுந்து உட்கார வேண்டும், மேலே இருந்தால் ஏற வேண்டும், இரண்டுமே முழங்காலுக்கு ஆகாது. ஒரு தடவை ஏறி ‘பரவாயில்லை’ என்று சொன்னால் நம்பாதீர்கள், அம்மாக்கள் அப்படித்தான் சொல்வார்கள். நான்கு தடவை ஏற்றி இறக்குங்கள். கடைசித் தடவை கதவைப் பிடிக்கிறாரா, உங்கள் கையைப் பிடிக்கிறாரா என்று பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

சரி, ஓட்டத்துக்கு வருவோம்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். மேலே போகப் போகக் காற்று மெலியும், டர்போ இல்லாத எஞ்சின் 1,000 மீற்றருக்கு ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து என்று வலுவை இழக்கும். நுவரெலியாவில் கணக்குப் பார்த்தால் நூற்றுக்குப் பதினெட்டு அளவு போய்விடும். டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் அந்த இழப்பு அதில் அவ்வளவு தெரியாது. ஹைபிரிட்டில் மோட்டார் கைகொடுக்கும், பட்டரியில் இருக்கும் வரைக்கும்.

இங்கேதான் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் ஓட்டியது எந்த ரைஸ்? 2019 நவம்பரில் அது ஜப்பானில் வந்தபோது 996 சிசி, மூன்று சிலிண்டர், டர்போ. 98 குதிரைவலு. 2021 நவம்பரில் மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஜப்பானில் விற்ற இரு சக்கர இயக்க ரைஸுக்கு டர்போ இல்லாத 1.2 லீட்டர் எஞ்சின், 87 குதிரைவலு. டர்போ நான்கு சக்கர இயக்கத்துக்கு மட்டும். ஹைபிரிட் தனி ரகம், அதில் எஞ்சின் மின்சாரம் மட்டும் எடுத்துக் கொடுக்கும், சக்கரத்தைச் சுற்றுவது மோட்டார்தான். 2023 என்றால் இந்த மூன்றில் ஏதாவது ஒன்று. பெயரும் முகமும் ஒன்றுதான், மலை ஏறுகிற விதம் வேறு வேறு. 87 குதிரைவலு நுவரெலியாவில் 71 போலத்தான் வேலை செய்யும், ஐந்து பேரோடு அது போதாது என்பது என் எண்ணம். விளம்பரத்தை விட்டுவிட்டுப் பதிவுப் புத்தகத்தில் எத்தனை சிசி என்று பாருங்கள். சத்தம் என்று எழுதியிருந்தீர்கள். மூன்று சிலிண்டர் நிற்கும்போது கொஞ்சம் அதிரும், அது குறையில்லை.

ஏற்றத்தில் பார்க்க வேண்டியது வேகம் இல்லை. ஹட்டன் டவுனில் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஏற்றத்தில் நிற்கிற வரிசையில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். நின்று, ஓரடி நகர்ந்து, மறுபடி நின்று, பத்து நிமிடம். பிரேக்கை விட்டு ஆக்சிலேட்டருக்குப் போகிற நேரத்தில் பின்னால் உருள்கிறதா? நகரும்போது உதறுகிறதா? வெசலுக்கு இது முக்கியமான பரீட்சை. முதல் தலைமுறை வெசல் ஹைபிரிட்டில் இருப்பது இரட்டைக் கிளச் கொண்ட ஏழு கியர் பெட்டி. எண்ணெயில் நனையாத உலர் கிளச். ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியைப் பிடித்து வைப்போமே, நம் ஊரில் பாதிப் பேருக்கு அந்தப் பழக்கம் உண்டு, அது இந்தக் கிளச்சைச் சூடாக்கும், பட்டரி இறங்கியிருந்தால் இன்னும் மோசம். சூடு மிஞ்சினால் டாஷ்போர்டில் எச்சரிக்கை வரும், அதுவும் பல வண்டிகளில் ஜப்பான் எழுத்தில். படம் பிடித்து யாரிடமாவது காட்டும் வரைக்கும் ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். இந்தக் கியர்பெட்டியின் கட்டுப்பாட்டு மென்பொருளைத் திருத்துவதற்காக 2014 இல் ஹொண்டாவே ஜப்பானில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வண்டிகளைத் திருப்பி அழைத்தது. அதற்காக வெசலை ஒதுக்கச் சொல்லவில்லை. ஓட்டத் தெரிந்து ஓட்டினால் மலையிலும் நன்றாக ஓடுகிறது. ஆனால் பத்து வருடமாக அதை ஓட்டியவருக்குத் தெரிந்திருந்ததா என்பது உங்களுக்குத் தெரியாது.

பெற்றோல் வெசலும் உண்டு, அதில் இரட்டைக் கிளச் இல்லை, சிவிடி, அதாவது படிப்படியான கியர் இல்லாமல் வழுக்கிக்கொண்டே மாறுகிற பெட்டி. செஸி நம்பர் ஆர்யூ1 என்று தொடங்கினால் பெற்றோல், ஆர்யூ3 என்றால் ஹைபிரிட். இங்கே ஹைபிரிட்தான் கூடுதலாக இறங்கியது, தேடினால் மற்றதும் கிடைக்கும்.

எல்லோரும் ஏற்றத்தைப் பார்க்கிறார்கள். என் கராஜுக்கு வருகிற பிரச்சினைகளில் பாதிக்கு மேல் இறக்கத்தில் பிறந்தவை. கிளினிக் முடிந்து நுவரெலியாவிலிருந்து தலவாக்கலைக்கு வருகிறீர்கள், ஏறத்தாழ 600 மீற்றர் இறக்கம். நானுஓயாப் பக்கம் பிரேக் பிடிக்காமல் போய் நடந்த விபத்துகளை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாடகை வண்டியில் அந்த இறக்கத்தை டி-யில் போட்டுக் கொஞ்ச தூரம் வாருங்கள், பிறகு லீவரில் உள்ள தாழ்ந்த நிலைக்கு மாற்றி வாருங்கள். வண்டிக்கு வண்டி அதற்கு பி, எல், எஸ், எம் என்று பெயர் மாறும். பிரேக்கை மிதிக்காமலே வண்டி எவ்வளவு பிடித்துக்கொள்கிறது என்பது காலுக்குத் தெரியும்.

ஹைபிரிட்டில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இறக்கத்தில் மோட்டார் மின்சாரம் எடுத்துப் பட்டரியை நிரப்பும், அந்த இழுவைதான் வண்டியைப் பின்னால் பிடித்து வைக்கும். நீண்ட இறக்கத்தில் பட்டரி நிறைந்துவிடும். நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்ற முடியுமா? அந்த நேரம் அந்தப் பிடி குறையும். டொயோட்டா ஹைபிரிட்டில் அப்போது எஞ்சின் தானாகவே உறுமத் தொடங்கும். பயந்து வண்டியை ஓரம் கட்டிவிட்டு எனக்குக் கோல் எடுத்தவர்கள் பலர். அது கோளாறு இல்லை, எஞ்சினைச் சுழற்றி வண்டியைப் பிடிக்கிறது. ஆனால் பட்டரி நிறைந்த பிறகு உங்கள் கால் பிரேக்கை எவ்வளவு கூடுதலாகத் தேடுகிறது என்பதைக் கட்டாயம் கவனியுங்கள். குருநாகலில் இது ஒரு நாளும் தெரியாது.

கீழே வந்ததும் நிறுத்தி இறங்கி ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள். தொடாதீர்கள், சுடும். ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிடக் கொதிக்கிறதா, எரிந்த வாடை வருகிறதா, பெடல் மேலேயிருந்து கீழே போகத் தொடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வாடகை வண்டியில் இதெல்லாம் இருந்தால் அது அந்த வண்டியின் பராமரிப்பு, மாடலின் தலையில் போட வேண்டாம். வாங்கப்போகிற வண்டியில் இருந்தால் அது உங்கள் செலவு. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், ஈரம் கூடினால் சீக்கிரம் கொதிக்கும். நம் ஊர் ஈரத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றியே ஆக வேண்டும்.

அகலத்தையும் மறக்காதீர்கள். ரைஸ் 1,695 மில்லிமீற்றர், வெசல் 1,770, சி-எச்ஆர் 1,795. பத்து சென்டிமீற்றர்தானே என்று தோன்றும். காசல்ரீ பக்கத்து வளைவில் எதிரே பஸ் வந்து, இந்தப் பக்கம் பள்ளமாக இருக்கும்போது அந்தப் பத்து சென்டிமீற்றருக்கு விலையே இல்லை. ஆனால் அதே பத்து சென்டிமீற்றரைத்தான் பின் சீட்டில் இழப்பீர்கள்.

மூடுபனியில் முன் கண்ணாடி எவ்வளவு சீக்கிரம் தெளிகிறது என்பதையும் விடியற்காலையிலேயே பார்த்துவிடுங்கள். ஐந்து பேர் மூச்சு விட்டால் இரண்டு நிமிடத்தில் கண்ணாடி மங்கிவிடும்.

நீங்கள் கேட்டது எதை எடுக்கலாம் என்று, நான் சுற்றிக்கொண்டே இருக்கிறேன். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. அதனால்தான் பத்து வயது வெசலும் இரண்டு மூன்று வயது ரைஸும் ஒரே சேலில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒரே காசுக்கு ஒன்றில் இடம் கூட, மற்றதில் வயது குறைவு. உங்கள் பாதைக்கு சி-எச்ஆர் வேண்டாம். மிச்சம் இரண்டில் என் கை ரைஸ் பக்கம்தான் நீளும், அதுவும் 996 சிசி டர்போ அல்லது ஹைபிரிட். ஹைபிரிட் பிடித்திருந்தால் உற்பத்தி மாதத்தையும் கவனியுங்கள். 2023 மே மாதம் ரைஸை உற்பத்தி செய்கிற டைஹட்சு, ரைஸ் ஹைபிரிட்டின் பக்கவாட்டு மோதல் சோதனையில் முறைகேடு நடந்ததாகத் தானே அறிவித்து விற்பனையை நிறுத்தியது. தெரிந்துகொண்டு வாங்குவது வேறு, வாங்கிய பிறகு மச்சான் சொல்லித் தெரிவது வேறு.

ரைஸின் பின் சீட்டில் மூன்று பேர் உட்கார முடியவில்லை என்றால் மட்டும் வெசலுக்குப் போங்கள், முடிந்தால் பெற்றோல். ஹைபிரிட்தான் என்றால் கியர்பெட்டியையும் பட்டரியையும் ஸ்கேன் பண்ணாமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். நம் குளிர் ஹைபிரிட் பட்டரிக்கு நல்லது, ஆனால் வருகிற வண்டி இத்தனை வருடமும் கொழும்பு வெயிலில் கிடந்திருக்கும்.

சேலில் அந்த ஒரு வண்டியைப் பார்க்கிற வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நேரத்தைச் சொல்லாமல் காலையிலேயே போங்கள். போனதும் பொனட்டில் கை வையுங்கள், சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னாலேயே யாரோ எழுப்பியிருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். ஜப்பானில் ஏலத்தில் விற்றபோது வண்டியின் நிலையைக் குறித்துக் கொடுத்த ஏலத் தாளைக் கேட்டு, அதிலுள்ள செஸி நம்பரை வண்டியோடு ஒத்துப் பாருங்கள். தரம் ‘ஆர்’ என்று இருந்தால் அடிபட்டுத் திருத்தியது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019 ஆம் ஆண்டு 23 ஆவது வாரம். மீற்றர் 30,000 கிலோமீற்றர் என்று காட்டி, டயர் இரண்டாவது செட் என்றால் கேள்வி கேளுங்கள். குருநாகலிலிருந்து ஓட்டிப் பார்ப்பதானால் கண்டி ரோட்டில் கலகெதர ஏற்றம் வரைக்கும் போகக் கேளுங்கள். எண்ணெய்க் காசு நான் தருகிறேன் என்று சொன்னால் பெரும்பாலும் விடுவார்கள். விடவே மாட்டேன் என்றால் வேறு சேல் பாருங்கள், ரைஸுக்கு இப்போது பஞ்சமில்லை. ரேடியோவை நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் ஓட்டும்போது கணவர் பின்னால் இருக்கட்டும், அவர் ஓட்டும்போது நீங்கள். இறங்கியதும், ஒருவரோடு ஒருவர் கதைப்பதற்கு முன்னால், இரண்டு பேரும் தனித்தனியாக ஒரு துண்டில் எழுதுங்கள். பிறகு மாற்றிப் பாருங்கள். எத்தனையோ வீட்டில் கணவர் எஞ்சினைப் பற்றி எழுதியிருப்பார், மனைவி ரிவர்ஸில் பின்னால் ஒன்றும் தெரியவில்லை என்று எழுதியிருப்பார். இரண்டாவது துண்டுதான் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அடுத்த கிளினிக் நாளுக்கே வாடகை ரைஸை எடுங்கள். அம்மா முன்னால், போகும்போது கணவர் ஓட்டட்டும், பின் சீட்டில் இரண்டு பக்கமும் பிள்ளைகள், நடுவில் நீங்கள். மகனுக்கு இன்னும் நான்கைந்து வருடத்தில் அப்பாவின் தோள்பட்டை வந்துவிடும், அதையும் கணக்கில் சேர்த்து உட்காருங்கள். தலவாக்கலை தாண்டுவதற்குள் உங்கள் இடுப்பு பதில் சொல்லிவிடும். திரும்பி வரும்போது நீங்கள் ஓட்டுங்கள், இறக்கம் உங்கள் காலுக்குத் தெரிய வேண்டும்.